மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்: மினசோட்டாவின் டவுன்ஷிப் கூட்டம், முதல்முறை படிப்பவர்களுக்கு

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்கள் நம் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் அதிபர் தேர்தல் வரும் ஆண்டில்தான். விஸ்கான்சின் யார் பக்கம், மிச்சிகன் யார் பக்கம் என்று ஒரு வாரம் அலசுவார்கள். முடிவு வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஆனால் அந்த மாநிலங்களின் கிராமப்புறத்தில் குடியிருப்பவர்களுக்கு அன்றாடம் கையில் தட்டுப்படும் அரசியல் வேறு. வாசலில் ஓடும் சரளைச் சாலைக்கு இந்த வருஷம் புதுச் சரளை கொட்டுவார்களா, பனி பெய்த மறுநாள் காலை பள்ளிப் பேருந்து வருவதற்குள் வழி திறப்பார்களா, வீடு தீப்பிடித்தால் எந்த ஊர்த் தீயணைப்பு வண்டி வரும் என்பதெல்லாம்தான் அது. இவற்றை முடிவு செய்கிற அரசாங்கத்துக்குப் பெயர் டவுன்ஷிப். மினசோட்டாவை வைத்து இதைச் சொல்கிறேன். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியான ஊர்க்கூட்டம் அங்கே இன்னும் சட்டப்படியான அதிகாரத்தோடு நடக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டவுன்ஷிப் என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு பொருள். ஒன்று நில அளவை சம்பந்தப்பட்டது. 1785-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. ஒஹையோ ஆற்றுக்கு அப்பால் இருந்த பரந்த நிலத்தை விற்றுக் காசாக்க வேண்டும். அதற்கு முன் அளந்தாக வேண்டும். ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று சதுரம் சதுரமாக வெட்டினார்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு மைல் பக்கமுள்ள 36 கட்டங்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அளக்கப் பயன்பட்டது 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. 80 சங்கிலி போட்டால் ஒரு மைல். அந்த நிலம் அதற்கு முன்பே டக்கோட்டா, ஒஜிப்வே முதலிய பூர்வகுடிகளின் வாழ்விடமாக இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களிடமிருந்து வாங்கப்பட்ட நிலத்தின் மேல்தான் இந்தக் கட்டங்கள் விழுந்தன.

இந்தச் சதுரங்களுக்குள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் செக்‌ஷன் பள்ளிக்கு. மினசோட்டாவுக்கு 36-ஆம் செக்‌ஷனும் சேர்ந்தது. மினியாபொலிஸுக்கு விமானத்தில் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே சதுரங்கப் பலகை விரித்த மாதிரி தெரிவது இந்தப் பழைய அளவைதான். கோடு போட்ட இடங்களில் சாலை. கோடுகளுக்கு நடுவே சோளமும் சோயாவும்.

இரண்டாவது பொருள்தான் நமக்கு வேண்டியது: அந்தச் சதுரத்தில் குடியேறியவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட அரசாங்கம். இதன் வேர் கிழக்கே, நியூ இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஊர் மக்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி வரி, சாலை, பள்ளி என்று பேசி முடிவெடுக்கும் பழக்கம் இருந்தது. அங்கிருந்து மேற்கே வந்தவர்கள் அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். மினசோட்டா 1858 மே 11 அன்று மாநிலமானது. பல டவுன்ஷிப்கள் தங்கள் பிறந்தநாளாகக் குறிப்பதும் அதே நாளைத்தான். பின்னால் வந்த சுவீடன், நார்வே, ஜெர்மன் குடும்பங்கள் தங்கள் பழைய நாட்டின் பெயர்களை ஊர்களுக்கு வைத்தார்கள். குட்ஹியூ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் வாசா டவுன்ஷிப்பின் பெயர் சுவீடன் அரச வம்சத்தினுடையது.

இன்று மினசோட்டாவில் 87 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் 1,700-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்கள். நூறு பேர்கூட இல்லாதவையும் இவற்றில் உண்டு. தலைநகர் செயின்ட் பாலுக்கு வடக்கே வொயிட் பேர் டவுன்ஷிப்பில் பத்தாயிரத்துக்கு மேல் மக்கள். ஆள் மிகக் குறைந்த வடக்குக் காட்டுப் பகுதிகளில் டவுன்ஷிப்பே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அங்கே வேலையைக் கவுண்டியே பார்த்துக்கொள்ளும்.

நிர்வாகம் மிகச் சின்னது. மேயர் கிடையாது. வழக்கமாக மூன்று சூப்பர்வைசர்கள். சில ஊர்களில் ஐந்து. பதவிக்காலம் மூன்று ஆண்டு. மூவரும் ஒரே நேரத்தில் மாறிவிடாதபடி தேர்தலைப் பிரித்து வைத்திருப்பார்கள். அவர்களோடு ஒரு கிளார்க், ஒரு பொருளாளர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. போட்டியிடக் கட்ட வேண்டிய தொகை 2 டாலர். ஆமாம், இரண்டே டாலர். அந்தக் காசுக்கு அங்கே ஒரு காபி கிடைப்பதே சந்தேகம். அப்படியும் பல ஊர்களில் மனுப்போட ஆள் வருவதில்லை. அப்போது வாக்குச்சீட்டில் விட்டிருக்கும் வெற்றுக் கோட்டில் மக்களே ஒரு பெயரை எழுதிவிடுவார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில், தான் கேட்காமலே ஒருவர் ஜெயித்துவிடுவதும் நடக்கும். சமமாக வாக்கு விழுந்தால் சீட்டுப் போட்டோ நாணயம் சுண்டியோ முடிவு செய்வார்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, இந்த ஐந்து பேர் என்ன செய்கிறார்கள்? ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால், சாலை. மாநிலம் முழுவதும் சேர்த்தால் டவுன்ஷிப்களின் பொறுப்பில் 50,000 மைலுக்கு மேல் சாலை இருக்கிறது. ஒரு டவுன்ஷிப்புக்குச் சராசரி 30 மைல் அளவில் வரும். இதில் மிகப் பெரும் பகுதி தார் காணாத சரளைச் சாலை.

சரளைச் சாலையைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அதில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். வண்டிகள் ஓட ஓட மேற்பரப்பு துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக எழும்பிவிடும். கிரேடர் வண்டி வந்து சீவிச் சமன் செய்ய வேண்டும். சரளை கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியாகப் பறக்கும், பக்கத்துக் குழிகளுக்குள் சரியும், குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டியோடு போய்விடும். எனவே சில வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மைல் நீளம், 20 அடி அகலம், ஒரே ஒரு அங்குல கனம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 326 கன கெஜம் வரும். 12 கன கெஜம் கொள்ளும் டிப்பர் லாரி 27 நடைக்கு மேல் அடிக்க வேண்டும். ஒரு மைலுக்கே இவ்வளவு. அப்புறம் மதகுக் குழாய் துருப்பிடித்து உள்வாங்கினால் அது தனிச் செலவு.

இதில் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் ரொம்பக் கஷ்டம். குளிர்காலத்தில் மண் பல அடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் மேலே உள்ள மண் இளகும். கீழே இன்னும் உறைந்தே இருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. சாலை சேறாகிவிடும். அந்த வாரங்களில் கனரக வண்டிகளுக்கு எடை வரம்பு வைப்பார்கள். பால் வண்டியும் தானிய லாரியும் அதற்கேற்ப ஓட வேண்டும். ஊர்க்கூட்டம் நடப்பதும் சரியாக இந்தச் சமயத்தில்தான். விதைப்பு இன்னும் தொடங்கியிருக்காது, சாலை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும், கூட்டத்துக்கு வருபவர்களின் காலணியில் அந்தச் சேறு ஒட்டியிருக்கும். சாலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் வேறு ஏது?

சாலைக்கு அடுத்தது தீயணைப்பு. சொந்தமாக வண்டி வைக்க முடியாத டவுன்ஷிப்கள் பக்கத்து நகரத்துத் தீயணைப்புப் படையோடு ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் பணம் கட்டும். பழங்காலப் பொறுப்புகள் சிலவும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரு நிலக்காரர்களுக்கு நடுவே பொதுவேலி யார் போடுவது என்று தகராறு வந்தால் சூப்பர்வைசர்கள் நேரில் போய்ப் பார்த்து ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுக்க வேண்டும். வேலி பார்ப்பவர்கள் என்றே சட்டம் அவர்களைக் குறிப்பிடுகிறது. பொதுச்சாலைக்கு வழியில்லாமல் அடுத்தவர் நிலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மனைக்கு 33 அடி அகல வண்டிப்பாதை கேட்டு மனுக் கொடுக்கலாம். அதையும் விசாரிப்பது இவர்கள்தான். வரப்புத் தகராறும் வழித் தகராறும் எந்தச் சீமையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாநிலம் முழுவதும் டவுன்ஷிப்களின் ஆண்டுக்கூட்டம். பனிப்புயல் அடித்தால் மூன்றாம் செவ்வாய்க்குத் தள்ளுவார்கள். பத்து நாளுக்கு முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும். பல ஊர்களில் சூப்பர்வைசர் தேர்தலும் அன்றைக்கே நடக்கும். வாக்குப்பதிவு இரவு 8 மணிக்கு முடிந்ததும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக் கூட்டத்தைத் தொடங்குவார்கள்.

ஒரு சாதாரண டவுன் ஹாலை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாலைச் சந்திப்பில் தனியாக நிற்கும் ஒற்றை அறைக் கட்டடம். சில ஊர்களில் பழைய பள்ளிக்கூடமே டவுன் ஹாலாக மாறியிருக்கும். உள்ளே மடக்கு நாற்காலிகள், மூலையில் கொடி, சுவரில் செக்‌ஷன் எண்களோடு டவுன்ஷிப் வரைபடம், மேசை மேல் பெரிய காபிப் பாத்திரம், பக்கத்தில் யாரோ வீட்டில் செய்து வந்த இனிப்பு. கிளார்க் கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். எழுந்து நின்று கொடிக்கு உறுதிமொழி. அதன்பின் முதல் வேலை, அன்றைய கூட்டத்தை நடத்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அவருக்கு மாடரேட்டர் என்று பெயர். வந்திருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இதை நான் முக்கியமாகச் சொல்வேன். அன்றைக்குக் கூட்டத்தை நடத்தும் உரிமை சூப்பர்வைசர்களுக்குத் தானாக வந்துவிடாது. அந்த நாள் ஊர் மக்களுடைய நாள்.

போன வருஷக் குறிப்பை வாசிப்பார்கள். பொருளாளர் வரவு செலவைப் படிப்பார். கிரேடர் ஓட்டுநருக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு என்று வரிவரியாக. கேள்வி கேட்கலாம். "வடக்கு எல்லைச் சாலையில பாதிச் செலவு பக்கத்து டவுன்ஷிப் தரணுமே, தந்தாங்களா?" என்று ஒருவர் கேட்பார். எல்லைக்கோட்டில் ஓடும் சாலையை இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம் என்பதால் அந்தக் கேள்விக்கு எப்போதும் இடமுண்டு.

அதற்குப் பிறகுதான் லெவி. கூட்டத்தின் மையம் இது. அடுத்த ஆண்டுக்கு ஊர் மொத்தமாக எவ்வளவு சொத்து வரி வசூலிக்கலாம் என்ற தொகையை அந்த அறையில் இருக்கும் வாக்காளர்கள் தாங்களே முடிவு செய்கிறார்கள். சூப்பர்வைசர்கள் ஒரு தொகையைப் பரிந்துரைக்கலாம். தீர்மானிப்பது கூட்டம். சாலைக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு, பொதுச் செலவுக்கு இவ்வளவு என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், விவாதம் நடக்கும். குறைக்கச் சொல்லித் திருத்தம் வரலாம். கூட்டச் சொல்லியும் வரும், அதுதான் புதிதாகப் பார்ப்பவர்களை ஆச்சரியப்படுத்தும். கடைசியில் கை தூக்கி முடிவு. நம் கிராம சபையில் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். ஊரார் உட்கார்ந்து தங்கள் வரித் தொகையையே டாலர் கணக்கில் நிர்ணயிக்கும் இந்த அதிகாரம் வேறு வகையானது.

லெவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். லெவி என்பது விகிதம் கிடையாது, மொத்தத் தொகை. கூட்டம் 1,20,000 டாலர் என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். ஊரில் வரி விதிக்கத்தக்க மொத்த மதிப்பில் உங்கள் வீட்டின் பங்கு 200-ல் ஒன்று. அப்படியானால் டவுன்ஷிப்புக்கு நீங்கள் கட்டுவது 600 டாலர். சாலைக்கு இன்னும் 30,000 டாலர் வேண்டும் என்று கூட்டம் ஒப்புக்கொண்டால் உங்கள் பங்கு 750 ஆகும். ஊரில் புதிதாகச் சில வீடுகள் வந்தால் அதே தொகை இன்னும் பல தலைகளில் பிரியும், உங்கள் பங்கு குறையும். எனவே கையைத் தூக்கும்போது ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுக் கணக்கும் தெரியும், தன் வாசல் சாலையின் நிலையும் தெரியும். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு வாக்களிக்கிற இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மார்ச்சில் முடிவான தொகையைச் செப்டம்பர் முடிவதற்குள் கவுண்டி ஆடிட்டருக்கு அனுப்புவார்கள். மக்கள் அதைக் கட்டத் தொடங்குவது அடுத்த ஆண்டு மே 15-ல். ஒரு வருஷத்துக்கு மேல் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். வரப்போகும் குளிர்காலத்தில் எத்தனை முறை பனி கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? சில ஊர்கள் கூட்டத்தை மார்ச்சில் முடிக்காமல் ஒத்திவைத்து, கோடையில் மறுபடி கூடி லெவியை முடிவு செய்வது இதனால்தான்.

வாக்களிக்கத் தகுதி: அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த டவுன்ஷிப்பில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். நேரில் வர வேண்டும். தபால் வாக்கு தேர்தலுக்கு உண்டு, கூட்டத்துக்கு இல்லை. உட்கார்ந்து கேட்பதற்கு இந்தத் தகுதி எதுவும் வேண்டாம். கூட்டம் எல்லாருக்கும் திறந்தது.

புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது என்று நினைத்து வந்துவிடுவார்கள். கூட்டம் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்று மாநிலச் சட்டம் வரையறுத்திருக்கிறது. சாலைக்கு எவ்வளவு பணம் என்பது கூட்டத்தின் கையில். எந்தச் சாலைக்கு முதலில் சரளை என்பது சூப்பர்வைசர்களின் கையில். பக்கத்து வயலில் சரளைக் குவாரி வரப்போகிறது, பெரிய பன்றிப் பண்ணை வரப்போகிறது என்றால் ஊரே கொதிக்கும். ஆனால் நில உபயோக அனுமதி மார்ச் கூட்டத்தில் கை தூக்கித் தடுக்கக்கூடிய விஷயம் கிடையாது. டவுன்ஷிப் தனக்கென்று நில உபயோக விதி வைத்திருந்தால் அதற்கான பொது விசாரணையில், இல்லாவிட்டால் கவுண்டி விசாரணையில் போய்ப் பேச வேண்டும். கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுத் தங்கள் கருத்தைச் சொல்லலாம். அது ஆலோசனை அளவில் நிற்கும். அனுமதி கொடுப்பவர்களை மாற்ற வேண்டுமானால் அந்த 2 டாலரைக் கட்டித் தேர்தலில் நிற்பதுதான் வழி.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் இதே போன்ற ஆண்டுக்கூட்டம் ஏப்ரல் மூன்றாம் செவ்வாய். இல்லினாயிலும் ஏப்ரலில்தான். அங்கே டவுன்ஷிப் தேவையா என்ற வாதமே பல காலமாக நடக்கிறது. எவன்ஸ்டன் நகர மக்கள் 2014-ல் வாக்களித்துத் தங்கள் டவுன்ஷிப்பைக் கலைத்தார்கள். அயோவாவில் டவுன்ஷிப்புக்குத் தீயணைப்பு, இடுகாடு என்று கொஞ்சம் வேலைதான் மிச்சம். சாலையைக் கவுண்டி எடுத்துக்கொண்டது. இந்தியானாவில் ஏழைகளுக்கு அவசர உதவி தருவது டவுன்ஷிப்பின் முக்கியப் பொறுப்பு. ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு உள்ளடக்கம்.

மினசோட்டாவிலும் டவுன்ஷிப்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. நகரம் வளர வளரப் பக்கத்து டவுன்ஷிப் நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வேண்டும் என்று நிலச் சொந்தக்காரர்களே கேட்டுப் போவதும் உண்டு. இன்று இந்தியக் குடும்பங்கள் நிறையக் குடியிருக்கும் ஈடன் பிரேரி 1962 வரை டவுன்ஷிப்தான். மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னபின் கவுண்டியில் கடைசியாக மிஞ்சியிருந்த ஹாசன் டவுன்ஷிப் 2012-ல் ராஜர்ஸ் நகரத்தோடு சேர்ந்தது. நகரமானால் வசதிகள் கூடுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹாசனில் குடியிருந்தவர் மார்ச் மாதத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் வரியைத் தானே முடிவு செய்த உரிமை அன்றோடு போயிற்று. இனி அவருக்காக நகர மன்றம் முடிவு செய்யும். எனக்கு இது சின்ன இழப்பாகப் படவில்லை.

எனக்கு இன்னும் அதிகக் கவலை தருவது செய்தித்தாள் விஷயம். இந்தக் கூட்டங்களின் அறிவிப்பும் முடிவும் ஊருக்குத் தெரிவது வழிவழியாக அந்த வட்டாரத்து வாரப் பத்திரிகை வழியாகத்தான். டவுன்ஷிப் கூட்ட அறிவிப்பு, பள்ளி வாரியச் செய்தி, இரங்கல் குறிப்பு, கால்பந்து முடிவு எல்லாம் ஒரே தாளில் வரும். 2024 ஏப்ரலில் மினியாபொலிஸுக்குத் தெற்கிலும் மேற்கிலும் எட்டு வட்டாரப் பத்திரிகைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. சாஸ்கா ஹெரால்டும் ஹட்சின்சன் லீடரும் அதில் அடக்கம். இவை இரண்டும் நூறாண்டு கடந்த பத்திரிகைகள். அறிவிப்பை வேறு பத்திரிகையில் போடலாம், டவுன் ஹால் கதவில் ஒட்டலாம். கூட்டத்தில் உட்கார்ந்து யார் என்ன கேட்டார், பதில் வந்ததா என்று எழுதுகிற ஆளை எங்கே தேடுவது?

ஆள் வரத்து ஏற்கெனவே குறைவு. நானூறு பேர் இருக்கும் ஊரில் பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம் என்பார்கள். அதில் எட்டுக் கைகள் உயர்ந்தால் நானூறு பேரின் வரி முடிவாகிவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எட்டாவது கை யாருடையதாகவும் இருக்கலாம் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். போன மாதம் குடிவந்தவரின் கையும், அறுபது வருஷம் அங்கே உழுதவரின் கையும் அந்த அறையில் ஒரே எடை.

மினசோட்டாவின் டவுன்ஷிப் ஒன்றில் நீங்களோ உங்கள் உறவினரோ குடியிருந்தால், முதலில் கிளார்க் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அநேகமாக அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்துதான் அலுவலகம் நடத்துவார். போன மார்ச் கூட்டத்தின் குறிப்பு அவரிடம் இருக்கும். லெவி எவ்வளவு, யார் முன்மொழிந்தார் என்று இரண்டு மூன்று பக்கத்துக்குள் எல்லாம் தெரிந்துவிடும். கடைசி வரியில் அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதியிருக்கும். கூட்டம் கலைவதற்கு முன் கை தூக்கி எடுக்கும் கடைசி முடிவு அதுதான்.